ஈர்க்கும் நெட்டியும் கொஞ்சம் காகிதமும்: மேசைமேல் ஒரு கடற்கரைக் குப்பம் செய்வது எப்படி

நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு டயோரமா, அதாவது ஒரு காட்சியைச் சிறிய அளவில் செய்து வைப்பது, புதிதல்ல. படிகளுக்குக் கீழே மணல் கொட்டி, கேழ்வரகை முளைக்கவிட்டு வயலாக்கி, உடைந்த கண்ணாடியைக் குளமாக்கி, தீப்பெட்டி அட்டையில் வீடு கட்டிய கைகள் நம்முடையவை. அந்தப் பூங்காவில் ஒன்றுதான் குறை. பொம்மை ஒரு சாண் இருக்கும், மரம் அரைச் சாண் இருக்கும், குளத்து வாத்து மாட்டைவிடப் பெரிதாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே அளவுக்குள் கொண்டுவந்துவிட்டால் அதே பூங்கா உண்மையான ஊர் போல ஆகிவிடும்.

இந்த வழிகாட்டியில் நான் எடுத்துக்கொண்டது 1960களின் சோழமண்டலக் கரையில் ஒரு சிறு மீனவக் குப்பம். இரண்டு தென்னை, ஒரு பனை, ஒரு கீற்றுக் குடிசை, கரையேற்றிய கட்டுமரம், மூலையில் கொஞ்சம் கடல். கடையில் வாங்க வேண்டியது பசை, வண்ணம், எம்-சீல், பிளைவுட், நெட்டி போன்ற சில பொருள்கள்தான். மற்றதில் பெரும்பாலும் வீட்டிலும் தோட்டத்திலும் கிடக்கிறது.

கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் தென்னைகளை வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஏழெட்டு மட்டை, எல்லாம் ஒரே பச்சை, குடை விரித்த மாதிரி ஒரே மட்டத்தில் நிற்கும். குலை மட்டும் நடு உச்சியில் கொத்தாக ஒட்டியிருக்கும். தென்னையடியில் விளையாடி வளர்ந்தவர் கண் அதை ஒரு நொடியில் ஒதுக்கிவிடும். அதனால்தான் கையால் செய்யச் சொல்கிறேன்.

முதலில் அளவு

1:35 என்ற அளவை வைத்துக்கொள்ளலாம். ராணுவ வண்டி மாதிரிகள் செய்பவர்கள் அதிகம் புழங்கும் அளவு இது. இந்த அளவில் மனித உருவங்கள் கிடைக்கின்றன, அவற்றின் உடையை மாற்றிக்கொள்ளலாம். 1 அடி என்பது 8.7 மி.மீ., 1 மீட்டர் என்பது 28.6 மி.மீ. ஐந்தரை அடி ஆள் 48 மி.மீ. உயரம் நிற்பார். இந்த மூன்று எண்களையும் ஒரு அட்டையில் எழுதி மேசைமேல் ஒட்டிவிடுங்கள். நிஜத்தை மில்லிமீட்டரில் அளந்து 35ஆல் வகுப்பதுதான் முழு வேலையும்.

வளர்ந்த நெட்டைத் தென்னை 20 மீட்டருக்கு மேல் போகும். நம் அளவில் அது 57 செ.மீ. வரும், அலமாரியில் நிற்காது. 9 மீட்டர் உயரமுள்ள நடுத்தர மரமாக எடுத்துக்கொண்டால் 26 செ.மீ. போதும். மரத்தைக் குட்டையாக்கும்போது மட்டையையும் சேர்த்துச் சுருக்கிவிடாதீர்கள். குட்டை மரத்துக்கும் மட்டை நீளம்தான்.

பலகையும் மணலும்

12 மி.மீ. பிளைவுட்டில் 30க்கு 25 செ.மீ. பலகை. வேலை தொடங்கும் முன் மேலும் கீழும் வண்ணம் அடித்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் ஈரம் பட்டதும் வளையும். அதன்மேல் தெர்மாக்கோலை ஃபெவிகாலால் ஒட்டி மணல்மேட்டைச் செதுக்குங்கள். ஸ்பிரே பெயின்ட், ரப்பர் சொல்யூஷன் எதுவும் தெர்மாக்கோல் பக்கம் வரக்கூடாது, கரைத்துவிடும்.

கரைக்கோடு பலகையின் விளிம்புக்கு இணையாக ஓட வேண்டாம். ஒரு மூலையிலிருந்து சாய்வாக வெட்டிப் போகட்டும். குடிசையையும் அப்படியே கொஞ்சம் திருப்பி வையுங்கள். விளிம்போடு நேராக நிற்கும் வீடு ஒரு பெட்டிக்குள் அடைத்ததுபோலத்தான் தெரியும்.

மணலுக்கு மணலையே போட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் அரை மில்லிமீட்டர் மணல் துகள் நம் அளவில் ஒன்றே முக்கால் செ.மீ. கல். எனவே எம்-சாண்டைத் துணியில் சலித்து வரும் தூளோ, கோலமாவுக் கல்பொடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கடல் மணல்தான் வேண்டும் என்றால் நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, வாணலியில் வறுத்து, பிறகு சலியுங்கள். உப்பு தங்கிவிட்டால் ஆறு மாதத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து வெளியே வரும்.

தரையில் ஃபெவிகாலைத் தடவிப் பொடியைத் தூவுங்கள். காய்ந்தபின், ஃபெவிகாலும் தண்ணீரும் சம பங்கு கலந்து, அதில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். சோப்பு இல்லாவிட்டால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு பொடியைக் கலைத்துவிடும்.

மணலின் நிறம் ஊருக்கு ஊர் வேறு. திருச்செந்தூர் பக்கத்தில் தேரி என்னும் மணல்மேடு செக்கச்செவேல் என்றிருக்கும். மணவாளக்குறிச்சியில் கனிமம் கலந்து கறுப்பு வரிகள் ஓடும். நீங்கள் எந்தக் கரையை மனதில் வைத்திருக்கிறீர்களோ அதன் நிறத்தைப் போடுங்கள். பொதுவான கரைக்கு வெளிர் பழுப்பில் ஒரு துளி சாம்பல். அலை தொட்டுப் போன ஈரப்பட்டை மட்டும் இரண்டு பங்கு கருமையாக இருக்கட்டும்.

மணல்மேட்டில் அடம்பன் கொடி கட்டாயம் வேண்டும். ஆட்டுக் குளம்பு மாதிரி நடுவில் பிளந்த இலை, ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ. நம் அளவில் இலை 2 மி.மீ. மெல்லிய காகிதத்தைப் பச்சையாக்கி, இரண்டாக மடித்து, மடிப்போரத்தில் அரை இலையை வெட்டினால் விரிக்கும்போது இலை கிடைக்கும். பருத்தி நூலைக் கொடியாக ஓடவிட்டு ஒன்றொன்றாக ஒட்டுங்கள். ஒரு மாலை முழுக்கப் போகும், போகட்டும். பக்கத்தில் ராவணன் மீசைப் புல்லுக்குப் பழைய பிரஷ் மயிரைக் கொத்தாக நட்டால் சரி.

தென்னை

இதற்குத்தான் அதிக நேரம். வேலைக்கு முன் ஒரு நிஜ மரத்தின் கீழே பத்து நிமிடம் அண்ணாந்து பாருங்கள். மூன்று விஷயம் தெரியும். அடிமரம் பருத்து, சட்டென்று ஒடுங்கி மேலே போகிறது. மரத்தின் நிறம் பழுப்பே கிடையாது, சாம்பல். ஒரு மட்டைக்கு நேர் மேலே அடுத்த மட்டை வருவதில்லை, ஏறத்தாழ 140 பாகை தள்ளித் தள்ளி முளைக்கிறது.

தண்டுக்கு லேசாக வளைந்த வேப்பங்குச்சி, 5 மி.மீ. தடிமன். அதன்மேல் எம்-சீல் (இரண்டு பாகத்தைப் பிசைந்தால் இறுகும் எபாக்ஸி மாவு) பூசி நடுவில் 8 மி.மீ., அடியில் 17 மி.மீ. வரும்படி உருட்டுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இறுகுவதற்கு முன் ஸ்ட்ராவைப் பாதியாகப் பிளந்து, அந்தப் பிறை விளிம்பால் இரண்டு இரண்டரை மி.மீ. இடைவெளியில் மட்டைத் தழும்புகளை அழுத்துங்கள். நூலைச் சுற்றி வளையம் காட்டச் சொல்வார்கள். நூல் திருகாணி போல ஏறும், தழும்பு அப்படி ஏறாது. காய்ந்ததும் அடர் சாம்பல் அடித்து, வெளிர் சாம்பலை உலர்ந்த பிரஷால் மேலாகத் தேயுங்கள். அங்கங்கே வெள்ளைப் பாசித் திட்டு ஒன்றிரண்டு.

இனி மட்டை. நிஜத்தில் நாலரை மீட்டர் என்றால் நமக்கு 13 செ.மீ. சாதாரண எழுதும் தாளை முதலிலேயே இரு பக்கமும் வண்ணம் அடித்துக் காயவையுங்கள். வெட்டிய பிறகு அடித்தால் ஓலைகள் ஒட்டிக்கொள்ளும். தாளை 13 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்துக்கு வெட்டி நீளவாட்டில் மடித்து, மடிப்புக்குள் மெல்லிய செம்புக் கம்பியை ஃபெவிகாலால் ஒட்டுங்கள். பழைய வயரை உரித்தால் கம்பி கிடைக்கும். காம்புப் பக்கம் 3 செ.மீ. வெறுமையாக விட்டு, மீதியை நடுவில் அகன்று நுனியில் ஒடுங்கும்படி வெட்டுங்கள். பிறகு கூர்மையான சிறு கத்தரியால் நுனியை நோக்கிச் சாய்வாக, ஒன்றரை மி.மீ.க்கு ஒரு வெட்டு. கம்பி வரை போகாமல் ஒரு மயிரிழை முன்பே நிறுத்துங்கள். ஒரு பக்கத்துக்கு அறுபது அறுபத்தைந்து வெட்டு வரும்.

வெட்டி முடித்த மட்டையைக் கையில் எடுத்துக் கம்பியை லேசாக வளைத்துப் பாருங்கள். அதுவரை சீப்பு மாதிரி கிடந்த காகிதம் சரசரவென்று பிரிந்து ஓலையாகும் அந்தக் கணம் எனக்கு இன்றும் அலுக்கவில்லை. அப்புறம் இரண்டு பக்க ஓலைகளையும் விரலால் நீவி, வீட்டுக் கூரை போலக் கீழ்நோக்கிச் சாய்த்துவிடுங்கள். நாலைந்து ஓலையைக் கிழித்து, ஒன்றிரண்டை மடக்கிவிடுங்கள். கடல் காற்று எந்த மட்டையையும் முழுசாக விட்டுவைப்பதில்லை.

ஒரு மரத்துக்கு 24 மட்டை செய்யுங்கள். கீழ் எட்டு, மரத்தோடு தொங்குபவை, மஞ்சள் கலந்த பழுப்பு, அதில் இரண்டு முழுக்கக் காய்ந்தவை. நடு எட்டு, கிடைமட்டமாகப் போய் நுனி கவிழ்பவை, அடர் பச்சை. மேல் ஏழு, நிமிர்ந்தவை, இளம்பச்சை. கடைசி ஒன்று குருத்து, இன்னும் விரியாமல் வெளிறி நிற்கும் ஈட்டி. கீழிருந்து ஒட்டிக்கொண்டே மேலே வாருங்கள். மட்டை அடிகளுக்கு இடையே நிஜப் பன்னாடையிலிருந்து (மட்டை அடியைச் சுற்றியிருக்கும் வலை போன்ற நார்) நகத்தளவு துண்டுகளைச் செருகினால் தென்னையின் உடையைத் தென்னையே தந்ததாகிவிடும்.

குலைகளைக் கொத்தாக உச்சியில் ஒட்டாதீர்கள். தென்னையில் ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலிருந்தும் ஒரு பாளை வரும். எனவே மேலே பாளை, அதற்குக் கீழே குரும்பை, அதற்கும் கீழே இளநீர், அடியில் நெற்று என்று வயது வரிசையில் இறங்க வேண்டும். பெரிய காய் உரிக்காமல் 7 மி.மீ. பச்சைப் பட்டாணி சரியாக அந்த அளவுதான். நானும் முதல் மரத்துக்குப் பட்டாணியைத்தான் ஒட்டினேன். அடுத்த மழைக்காலத்தில் ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டு வண்டு வெளியே வந்தது. அன்றிலிருந்து எம்-சீலை உருட்டி மூன்று பக்கம் லேசாக அழுத்திக்கொள்கிறேன். தானியம், மைதாப் பசை, முளைப்பயிர் எதுவும் நிரந்தரக் காட்சிக்கு ஆகாது.

பனை

தென்னையை முடித்தவருக்குப் பனை எளிது. தண்டு நேர், அதிகக் கருமை, தென்னை மாதிரி சாயாது. ஓலை விசிறி. 37 மி.மீ. விட்டத்தில் வட்டம் வெட்டி, கால் பங்கை எடுத்துவிட்டு, மீதியை நடுப்புள்ளியிலிருந்து விசிறி மடிப்பாக மடியுங்கள். முப்பது மடிப்பு வந்தால் போதும். விளிம்பிலிருந்து பாதி தூரம் மடிப்போரமாகப் பிளந்து, பல்குச்சியைச் சீவிய மட்டையில் ஒட்டுங்கள். கருக்கைக் காட்ட மட்டையின் இரு ஓரத்திலும் கத்தி நுனியால் கொத்தினாலே பல் தெரியும். முப்பது ஓலைகளை உருண்டைத் தலையாக அடுக்கி, அடியில் நாலைந்து காவோலையைத் தொங்கவிடுங்கள்.

கீற்றுக் குடிசை

10 அடிக்கு 14 அடி வீடு: 87க்கு 122 மி.மீ. மண்சுவர் நாலரை அடி, அதாவது 39 மி.மீ. முகடு 10 அடி, 87 மி.மீ. சுவரை அட்டையில் செய்து, ஃபெவிகாலில் குழைத்த மண்ணை விரலாலேயே பூசுங்கள். விரல் வரி தெரிந்தால் அழகு. திண்ணை ஒன்று வையுங்கள். மழைத்தண்ணீர் தெறிக்கும் அடிப்பகுதி கொஞ்சம் கருத்திருக்கட்டும்.

கூரைச் சட்டத்துக்கு விளக்கமாற்று ஈர்க்கு. மூங்கில் கழி போலவே நுனி ஒடுங்கும், கணு மட்டும் கோடு போட்டுக்கொள்ள வேண்டும்.

கீற்று முடைவது எப்படி என்று தெரிந்திருந்தால் மாதிரியும் சரியாக வரும். மட்டையை நடுவில் இரண்டாகப் பிளந்து, தண்ணீரில் ஊறப்போட்டு, ஓலைகளை மாற்றி மாற்றிப் பின்னுவார்கள். மேல் ஓரம் தடித்த மட்டை, கீழ் ஓரம் பிரிந்த நுனிகள். ஐந்தடிக்கு ஒன்றரை அடி என்றால் நம் அளவில் 44க்கு 13 மி.மீ. பழுப்புத் தாளை இந்த அளவில் வெட்டி, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் குறுக்கும் மறுக்குமாகச் சாய்கோடுகளை அழுத்தி, கீழோரத்தை 4 மி.மீ. ஆழத்துக்கு நறுக்கிவிடுங்கள். ஒரு வீட்டுக்கு நூற்று ஐம்பது கீற்றாவது வேண்டும், இரண்டு நாளில் பிரித்துச் செய்யலாம்.

வேய்வது எப்போதும் இறவாணத்திலிருந்து முகட்டுக்கு. கீழ் வரிசை முதலில், அடுத்த வரிசை அதன்மேல் பாதிக்கு மேல் ஏறி உட்கார வேண்டும், 5 மி.மீ. மட்டும் வெளியே தெரியட்டும். மாற்றி வேய்ந்தால் மழை உள்ளேதான் போகும். மாதிரி வீட்டில் மழை பெய்யாது என்றாலும், பார்ப்பவர் கண் அதைக் கண்டுபிடித்துவிடும்.

வண்ணத்தில்தான் கூரை உயிர் பெறும். புதுக் கீற்று வைக்கோல் பழுப்பு. ஒரு கோடையைக் கடந்தது வெள்ளிச் சாம்பல். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒழுகும் இடத்தில் மட்டும் புதுக் கீற்றைச் செருகுவார்கள். எனவே சாம்பல் கூரையில் அங்கங்கே நாலைந்து பழுப்புத் துண்டுகள் இருந்தால், இந்த வீட்டில் ஆள் இருக்கிறார், மழைக்குத் தயாராகிறார் என்பதை ஒரு மனித உருவமும் இல்லாமலே சொல்லிவிடலாம். காற்று தூக்காமல் இருக்கக் கிழிந்த வலை ஒன்றைக் கூரைமேல் போர்த்தி, நாலு மூலையிலும் கல் கட்டித் தொங்கவிடுங்கள்.

கட்டுமரம்

உலகமெங்கும் இரட்டை உடல் படகுக்கு வழங்கும் கேட்டமரான் என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். ஆனால் நம்முடையதில் இரண்டு உடல் கிடையாது, மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. படம் தேடும்போது இதை மனதில் வையுங்கள்.

மரத்துக்கு நெட்டியை விட்டால் வேறு பொருள் யோசிக்க வேண்டாம். தஞ்சாவூரில் பெரிய கோயில் மாதிரியை இழைத்து இழைத்துச் செய்கிறார்களே, அதே நெட்டி. குளத்தில் வளரும் செடியின் தண்டு, வெண்ணெய் போல அறுபடும். கத்தி மட்டும் புது பிளேடாக இருக்க வேண்டும், மழுங்கினால் நசுங்கும்.

6 மீட்டர் மரம் நமக்கு 17 செ.மீ. ஐந்து மரம் எடுத்து, நடு மரம் கொஞ்சம் தாழவும் ஓர மரங்கள் உயரவும் வையுங்கள். அப்போது குறுக்கே லேசான குழிவு வரும். அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், நுனிகளைச் சீவி மேல்நோக்கி வளைத்துக் கூராக்குங்கள். முன்னும் பின்னும் குறுக்குக் கட்டை வைத்து, மெழுகுவத்தியில் இழுத்த பருத்தி நூலால் இறுக்கிக் கட்டுங்கள். மெழுகு பூசினால் நூலின் பிசிறு படிந்துவிடும். இந்த அளவில் நூல் பிசிறு ஒவ்வொன்றும் கயிறு போலத் தெரியும்.

இன்னொரு கட்டுமரத்தையும் செய்து, அதை அவிழ்த்துப் போடுங்கள். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயவைப்பது வழக்கம், தண்ணீர் குடித்த மரம் கனக்கும். மணலில் ஐந்து மரமும் ஒரு சுருள் கயிறும் கிடந்தால் கடலுக்குப் போய்வந்த கதை முழுக்க அதில் இருக்கிறது. ஈர மரம் கருமை, காய்ந்த மரம் சாம்பல் வெள்ளை.

சில்லறைப் பொருள்கள்

இங்கே காலத்தைக் கவனிக்க வேண்டும். 1960கள் என்றால் பிளாஸ்டிக் குடம் வேண்டாம், நீலத் தார்ப்பாய் வேண்டாம். ஃபைபர் படகும் வேண்டாம், அது கரையெங்கும் பெருகியது 2004 சுனாமிக்குப் பிறகு.

வலைக்குப் பருத்திக் கொசுவலை. கண் ஒன்றேகால் மி.மீ. இருந்தால் நிஜத்தில் நாலரை செ.மீ. கண் என்று கணக்கு. டீ டிகாக்ஷனில் ஊறவைத்துப் பழுப்பாக்கி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, ஈர்க்குக் கம்பங்களுக்கு இடையே தொங்கவிட்டால் தன் பாரத்திலேயே மடிந்து காயும்.

பானைக்குப் பாசிமணிமேல் எம்-சீல், 9 மி.மீ. உயரம், வாயை ஊசி முனையால் விரியுங்கள். கடகம் என்னும் ஓலைக் கூடைக்கு 1 மி.மீ. காகித நாடாக்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, மருந்து மூடிமேல் அழுத்தி வடிவம் எடுங்கள். கருவாட்டுக்கு மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள். சாளை நம் அளவில் 4 மி.மீ. தான். நூறு மீனை வெட்டி, முதுகில் நீலக் கருமை தொட்டு, விரித்த வலைமேல் வரிசையாகப் பரப்புங்கள். பக்கத்தில் ஒரு காகத்தை வைத்துவிடுங்கள்.

கடல்

வங்கக் கடலின் கரையோரத் தண்ணீரில் மணல் கலந்திருக்கும், படங்களில் வரும் பளீர் நீலம் இங்கே பொருந்தாது. ஈர மணலிலிருந்து மங்கிய பச்சைக்கும், பிறகு சாம்பல் நீலத்துக்கும் வண்ணத்தை இழையவிடுங்கள். டிஷ்யூ தாளை ஃபெவிகாலில் நனைத்துப் போட்டு, பிரஷால் கரையை நோக்கித் தள்ளினால் அலை மடிப்பு விழும். காய்ந்ததும் மறுபடி வண்ணம், அதன்மேல் பளபளப்பு வார்னிஷ் நாலு பூச்சு. நுரைக்குக் கெட்டி வெள்ளை அக்ரிலிக்கைப் பஞ்சால் ஒற்றுங்கள். எபாக்ஸி ரெசின் ஊற்ற ஆசை என்றால் ஒரு தடவைக்கு 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம். இறுகும்போது சூடேறி அடியிலிருக்கும் தெர்மாக்கோலை உருக்கிவிடும்.

கடைசி நாள்

எல்லாம் ஒட்டி முடிந்ததும் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று முடிவு செய்யுங்கள். பிற்பகல் கடல்காற்று என்றால் கிழக்கிலிருந்து. தென்னை மட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கடலுக்கு எதிர்ப்பக்கம் வளைத்துவிடுங்கள், கம்பி இருப்பதால் வளைந்தபடி நிற்கும். வலையும் காயும் துணியும் அதே பக்கம் ஒதுங்கட்டும். குடிசையின் கடல் பக்கச் சுவரில் மணல் கொஞ்சம் ஏறியிருக்கட்டும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பவர்கள் பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டை போட்டுவிடாதீர்கள். அதன் ஆவி தெர்மாக்கோலை அரித்துவிடும், மணல்மேடு குழிந்து போகும். காய்ந்த வேப்பிலையை ஒரு துணியில் கட்டி மூலையில் மறைத்து வைக்கிறேன். மழை மாதங்களில் சிலிக்கா பொட்டலம் இரண்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். காகித மட்டை ஐந்தாறு வருடத்தில் நிறம் மங்கும். மங்கிய மட்டையைப் பிடுங்கி எறிய வேண்டாம், அதைக் கீழ் வரிசைக்கு இறக்கிவிட்டு, மேலே புதுசாக ஒரு குருத்தை நடுங்கள்.